காட்டுத் தீயும் காணிக்குரியோரும்

காட்டில் தீ எழுந்தால் அணைக்க வேண்டும் என்பதே எவரும் சொல்லும் விடை. எந்தக் காலத்துத் தீ, எவர் மூட்டிய தீ என்று கேட்போர் சிலரே. வட அவுஸ்திரேலியாவின் கக்காடு தேசியப் பூங்கா அக்கேள்விகளைக் கேட்டு விடையும் கண்டது.

ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீற்றர் பரந்த அப்பூங்காவிலே மாரியில் ஆளுயரம் வளரும் புல், மழை ஓய்ந்ததும் காய்ந்து நிற்கும். யூலைக்கு முன், நிலத்தில் ஈரம் இருக்கையில் வைக்கும் தீ தாழ்ந்து எரிந்து, இரவுப் பனியில் பெரும்பாலும் தானே அவியும். ஓகஸ்டின் பின் பற்றும் தீயோ மரவுச்சி வரை தாவிப் பல நாள் எரியும். முந்திய தீ விட்டுச்சென்ற கருந்திட்டுகளே பிந்திய தீக்கு அணையாகும்.

இந்நுட்பத்தை அந்நிலத்து ஆதிக்குடிகள் வழிவழியாக அறிந்திருந்தனர். செல்லும் வழியெல்லாம் சிறு சிறு திட்டுகளாக எரித்தனர். வெள்ளையர் வந்தபின் நோயாலும் இடப்பெயர்வாலும் அவர் தொகை குன்றிற்று. நிலம் ஆளற்றுக் கிடந்தது. அதனால் காடு பிழைத்ததா? இல்லை. கோடைக் கடைசியின் பெருந்தீக்கு இரையாயிற்று.

1976 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிலவுரிமையை மீளப் பெற்ற அக்குடிகள், அந்நிலத்தைப் பூங்காவுக்குக் குத்தகையாகக் கொடுத்தனர். 1979 இல் பிரகடனமான அப்பூங்காவின் நிருவாகச் சபையிலே பெரும்பான்மையினர் அவர்களே. இன்று கெலிகொப்டரிலிருந்தும் தீயிடப்படுகின்றது. எனினும் அதன் காலமும் இடமும் பழைய அறிவைத் தழுவியவை. அயலிலுள்ள மேற்கு ஆர்ன்ஹெம் பிரதேசத்திலே, பெருந்தீயைத் தடுத்துப் புகையைக் குறைப்பதற்காக அம்மக்களுக்கு ஆண்டுதோறும் பணம் வழங்க, டார்வின் நகரத்து எரிவாயுத் தொழிற்சாலை 2006 இல் உடன்பட்டது. முன்னோர் அறிவு ஊதியமும் ஆயிற்று.

குறையே இல்லை என்று கூறோம். கக்காட்டிலே சிறு பாலூட்டிகள் பெரிதும் அருகிவிட்டன. அளவுக்கு மிஞ்சிய எரிப்பும் காட்டுப் பூனைகளும் காரணமென்பர். ஆகவே விஞ்ஞானியின் கணக்கும் வேண்டும். குடியானவனின் கண்ணும் வேண்டும். ஒன்று மற்றொன்றை விரட்டினால் இரண்டும் தோற்கும்.

எமது நாட்டில் நடப்பதென்ன? மலைநாட்டுப் புற்றரைகளில் அரசாங்கம் நட்ட பைனஸ் தோப்புகள் வறட்சி தோறும் எரிகின்றன. வன்னியிலோ, போருக்குப் பின் மீண்ட கமக்காரர் பலர், தாம் முன்பு பயிரிட்ட காணியில் வன எல்லைக் கல்லைக் கண்டனர். சேனைக்குத் தீயிடுமுன் சுற்றிலும் சருகைக் கூட்டி, காற்றின் போக்கைப் பார்த்து நிற்கும் அவர்களிடம், கல் நாட்டியோர் ஒரு வார்த்தை கேட்டனரா?

காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எமக்கு இரண்டாம் கருத்தில்லை. காவலரின் வரிசையிலே கமக்காரனுக்கும் இடமும் வாக்கும் வேண்டும் என்பதே எமது கோரிக்கை. கந்தோரில் வரைந்த கோட்டை நெருப்பு மதிப்பதில்லை. நிலத்தை அறிந்தவன் வெட்டிய கோட்டையே அது மதிக்கும்.