காற்றில் திறக்கும் பூட்டு!

காதில் ஒரு சின்னக் கருவி. சட்டைப் பையில் செல்போன். நடுவே கம்பி இல்லை. ஆனாலும் பாட்டுக் கேட்கிறது! இந்த வேலையைச் செய்வதுதான் "புளூடூத்".

டென்மார்க் நாட்டைப் பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட ஓர் அரசரின் பட்டப்பெயர் இது. "நீலப் பல்" என்று பொருள். பிரிந்து கிடந்த மக்களை அவர் ஒன்று சேர்த்தார். கருவிகளை ஒன்று சேர்ப்பதற்கும் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

சேர்ப்பது சரி. பூட்டு பலமாக இருக்கிறதா?

256 சாவிகள்

இரண்டு கருவிகள் பேசத் தொடங்கும்போது ஒரு ரகசியச் சாவி வைத்துக்கொள்கின்றன. சாவியின் நீளத்தையும் பேசி முடிவு செய்கின்றன. 1 பைட் முதல் 16 பைட் வரை இருக்கலாம். நீளம் கூடினால் பூட்டு பலப்படும்.

ஆனால், நீளத்தைப் பற்றிய பேச்சு ரகசியமாக நடக்கவில்லை! பக்கத்தில் இருக்கும் திருடன் நடுவே புகுந்து, "1 பைட் போதும்" என்று இரண்டையும் நம்பவைக்க முடிந்தது. 1 பைட் என்றால் மொத்தம் 256 சாவிகள்தான். கம்ப்யூட்டருக்கு அது கண் இமைக்கும் நேர வேலை! ஆராய்ச்சியாளர்கள் இதை 2019-ல் வெளிப்படுத்தினார்கள். சாவி 7 பைட்டுக்குக் குறையக்கூடாது என்று அதன் பிறகே யோசனை கூறப்பட்டது.

அதற்கு முன், 2017-ல் "புளூபோர்ன்" என்ற ஓட்டைகள் தெரியவந்தன. புளூடூத்தை அணைக்காமல் வைத்திருந்தாலே போதும். யாரோடும் இணைக்காத கருவிக்குள்ளும் திருடன் நுழையலாம்!

யார் பொறுப்பு?

"வேலை முடிந்ததும் புளூடூத்தை அணையுங்கள். தெரியாத கருவி இணையக் கேட்டால் மறுத்துவிடுங்கள்" என்று மக்களுக்குப் புத்தி சொல்கிறார்கள். நல்ல புத்திதான். ஆனால், ஓட்டைப் பூட்டை விற்றவருக்குப் பொறுப்பு இல்லையா?

ஓட்டையை அடைக்கும் திருத்தத்தைக் கம்பெனிகள் அனுப்புகின்றன. சில ஆண்டுகள் போனதும் நிறுத்திவிடுகின்றன. அண்ணன் வாங்கிய போன் தம்பிக்கு வருகிறது. பிறகு அம்மாவுக்குப் போகிறது. அம்மாவின் கைக்கு வரும்போது பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. அது அவருக்குத் தெரிவதும் இல்லை!

மருந்துப் புட்டியில் காலாவதித் தேதி போடுகிறார்கள். போன் பெட்டியில் ஏன் போடக்கூடாது?

"எதுவரை பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்பதைக் கம்பெனி வெளிப்படையாகச் சொல்லவேண்டும்" என்ற சட்டம் பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அமலில் இருக்கிறது. எல்லா நாடுகளுக்கும் அது வரவேண்டும்.

அதுவரை, போன் வாங்கப் போகிறவர்கள் விலையை மட்டும் கேட்டால் போதாது. "எத்தனை வருஷத்துக்குத் திருத்தம் வரும்?" என்றும் கேட்கவேண்டும். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனியைக் கேட்பார். கம்பெனி பதில் சொல்லியே தீரவேண்டும்!