52 கிலோ பிளாஸ்டிக்: பசுவின் வயிறு சொல்லும் பாடம்

"மாடு பிளாஸ்டிக்கைத் தின்கிறதே, அதற்கு அறிவே கிடையாதா?" என்று பலர் கேட்கிறார்கள். அறிவு யாருக்கு வேண்டும் என்பதைப் பசுவின் உடற்கூறே சொல்லிவிடுகிறது நண்பர்களே. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கருவில் கன்றின் உணவுப்பாதை ஒரு சாதாரணக் குழாய்தான். அதன் முன்பகுதியில் கதிர் போல ஒரு வீக்கம் தோன்றும். ரூமன், ரெட்டிகுலம், ஓமாசம், அபோமாசம் என்ற நான்கு அறைகளும் அந்த ஒரே வீக்கத்திலிருந்து பிரிந்து வளர்பவை. அந்த நாட்களில் வயிற்றுச் சுவர் இன்னும் மூடியிருக்காது. வேகமாக நீளும் குடலுக்கு உள்ளே இடம் போதாமல், அது தொப்புள்கொடிக்குள் வளைந்து போய், சுழன்று, மீண்டும் வயிற்றுக்குள் திரும்புகிறது. மனிதக் கருவிலும் இதே கதைதான். சுமார் 10-வது வாரத்தில் குடல் உள்ளே வந்துவிடும். தொப்புள் துவாரம் சரியாக மூடாவிட்டால் கன்றுக்குத் தொப்புள் குடலிறக்கம் வரும்.

பிறந்த கன்றுக்கு நான்காவது அறையான அபோமாசம்தான் பெரியது. குடிக்கும் பால் ஒரு தனி வாய்க்கால் வழியாக நேரே அங்கே போய்விடும். புல் தின்னத் தொடங்கிய பிறகே ரூமன் வளர்கிறது. வளர்ந்த பசுவில் அது வயிற்றின் இடது பக்கத்தை ஏறக்குறைய முழுவதும் அடைத்துக்கொள்ளும். நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும்!

இவ்வளவு பாரத்தையும் தாங்குவது வயிற்றுச் சுவர். பக்கவாட்டில் மூன்று தசை அடுக்குகள். வெளி அடுக்கின் இழைகள் பின்னோக்கிச் சரியும். நடு அடுக்கின் இழைகள் முன்னோக்கிச் சரியும். உள் அடுக்கின் இழைகள் மேலிருந்து கீழாக ஓடும். ஒட்டுப்பலகையில் அடுக்குகளை மாற்றி மாற்றி ஒட்டுவது போலத்தான். போதாததற்கு வெளிப்புறத்தில் மஞ்சள் நிறத்தில் ரப்பர் போன்ற ஒரு படலமும் உண்டு.

சிக்கல் எங்கே வருகிறது? பசு நாக்கால் வளைத்து இழுத்து, சரியாக மெல்லாமல் விழுங்கும், பிறகுதான் அசைபோடும். ரெட்டிகுலத்திலிருந்து அடுத்த அறைக்குப் போகும் வாசல் சிறியது. நன்கு பொடியானதுதான் அதைத் தாண்டும். பிளாஸ்டிக் பொடியாவதும் இல்லை, கிருமிகளால் செரிப்பதும் இல்லை. அங்கேயே தங்கி, கயிறாக முறுக்கிக்கொண்டு, தீவனத்துக்கு இடமில்லாமல் செய்கிறது. வெளியே பார்த்தால் வயிறு நிறைந்த மாடு, உள்ளே பட்டினி. உறுதியான அந்தச் சுவர் உள்ளே இருப்பதை நமக்குக் காட்டுவதில்லை.

தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. அதே ஆண்டு அக்டோபரில், வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவுக்கு ஆபரேஷன் செய்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். ஐந்தரை மணி நேர வேலை! இப்படிப்பட்ட ஆபரேஷனில் இடது பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் அந்தத் தசை அடுக்குகளைத் திறந்துதான் ரூமனை அடைய வேண்டும். 52 கிலோ ஒரே நாளில் சேர்ந்திருக்காது. எத்தனையோ வீட்டுக் குப்பைப் பைகள் அதில் இருந்திருக்கும்.

கறந்த பிறகு மாட்டைத் தெருவில் விடும் உரிமையாளர்கள் மீது தவறு இல்லையா? நிச்சயம் உண்டு. மாநகராட்சி பிடிக்கிறது, அபராதமும் போடுகிறது. ஆனால் அபராதம் மட்டும் இதைத் தீர்க்காது என்பது என் கருத்து. மீந்த சாம்பார் சாதத்தைக் கேரி பேக்கில் போட்டு, முடிச்சும் போட்டு வீசுவது நாம்தானே? முடிச்சை அவிழ்க்க மாட்டுக்குக் கை ஏது? வாசனைக்காகப் பையோடு விழுங்குகிறது.

அபிராமபுரத்திலும் மயிலாப்பூரிலும் அமாவாசைக்கு அகத்திக்கீரை கொடுக்கும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள். கீரை கட்டிய ரப்பர் பேண்டையும் சுற்றிய கவரையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள். ஈரக் குப்பையைத் தனியே, பை இல்லாமல், தொட்டியில் போடுங்கள். டாக்டர் வெளியே எடுப்பதைவிட, நாம் உள்ளே போகாமல் தடுப்பது சுலபம். கோமாதா என்று கும்பிடுவதற்கு முன்னால், இன்று நம் வீட்டுக் குப்பைப் பையை ஒருமுறை பிரித்துப் பார்ப்போமா?