கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம்?

சென்ற வருடம் எங்கள் சித்தப்பா காலமானார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டேன். முதல் பதில் பிலாயில் இருக்கும் பெரியப்பா மகனிடமிருந்து: மேல்நோக்கிய ஒரு மஞ்சள் கட்டைவிரல். சித்தி அதைப் பார்த்துவிட்டார். "செத்ததுக்கு சபாஷா சொல்றான்?"

எமோஜி என்ற ஜப்பானியச் சொல்லுக்குப் 'பட எழுத்து' என்று பொருள். எழுத்து என்றால் அகராதி வேண்டுமே. சரி, பார்த்தேன், சம்மதம், பிரமாதம், ஆளை விடு - இவற்றில் எது? மொழிபெயர்த்துப் பிழைக்கும் எனக்கு இது தொழில் பிரச்னையும்கூட.

சித்திக்கு வந்த சந்தேகம் நீதிமன்றங்களுக்கும் வந்திருக்கிறது. கனடாவின் சஸ்கேச்சுவான் மாகாணத்தில் ஒரு தானிய நிறுவனம், 2021இல் 86 டன் ஆளி விதைக்கான ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பி, உறுதி செய்யச் சொன்னது. அவர் கட்டைவிரலை அனுப்பினார். நவம்பருக்குள் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது, விதை வரவில்லை. 'கிடைத்தது என்றுதான் சொன்னேன்' என்றார் விவசாயி. 2023இல் நீதிபதி அதை ஏற்கவில்லை. அந்த விரல் கையெழுத்துக்குச் சமம். நஷ்ட ஈடு சுமார் 82,000 கனடா டாலர். முன்பெல்லாம் 'சரி', 'ஆமாம்' என்று ஒற்றை வார்த்தையில் பதில் அனுப்பி, சரக்கையும் கொடுத்தவர் அவர். அதுவே அவருக்கு எதிராகப் போயிற்று. (கைநாட்டை ஒழிக்க அறிவொளி இயக்கம் நடத்திய நமக்கு இது வேடிக்கைதான்.)

மதுரையில் கதை வேறு. 2018இல் மேகாலயாவில் ரயில்வே பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவரை அதே படையின் காவலர் சுட்டுக் கொன்றார். அதுபற்றி வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்திக்குக் கட்டைவிரல் போட்ட இன்னொரு காவலர் வேலையை இழந்தார். கொலையைக் கொண்டாடினாராம்! சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024இல் இதை மறுத்தது. செய்தியைப் பார்த்துவிட்டேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்றது. அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கும் உத்தரவு நிலைத்தது.

இரண்டு தீர்ப்பும் முரண் என்று எனக்குத் தோன்றவில்லை. யார், யாருக்கு, எதற்குப் பதிலாக அனுப்பினார் என்று பார்த்துத்தான் இரு இடத்திலும் விரலுக்குப் பொருள் கொண்டார்கள். நல்ல மொழிபெயர்ப்பாளன் செய்வதும் அதுதான். ஆனால் துக்க வீட்டில் அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை?

அண்ணன் விரலை அழுத்திய கையோடு ரயில் நிலையத்துக்கு ஓடியிருக்கிறார். மாற்றுச் சட்டைகூட எடுத்துவரவில்லை. கருமாதி முடியும்வரை சித்தி அவரிடம் பேசவில்லை.