மறுபடியும் தெர்மோடைனமிக்ஸா?

“நாலு வருஷம் படித்ததையே மறுபடி படிக்கவா கடன் வாங்கிப் பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்புகிறோம்?” கெமிக்கல் இன்ஜினியரிங்கில் எம்.எஸ். சேரும் மாணவர்களின் வீடுகளில் எழும் இந்தக் கேள்வி நியாயமானதுதான். முதல் செமஸ்டர் பட்டியலில் தெர்மோடைனமிக்ஸ், டிரான்ஸ்போர்ட், ரியாக்‌ஷன் இன்ஜினியரிங், கணிதம் என்று நான்கு பெயர்கள் இருக்கும். பி.டெக். மதிப்பெண் சான்றிதழிலும் ஏறக்குறைய அதே பெயர்கள்தான். ஆனால் அந்தப் பெயர்களின் கீழ் கேட்கப்படும் கேள்விகள் முற்றிலும் வேறு.

ரியாக்‌ஷன் இன்ஜினியரிங்கையே எடுத்துக்கொள்வோம். பி.டெக்கில் வினைவேகச் சமன்பாட்டைக் கையில் கொடுத்துவிட்டு, எவ்வளவு பெரிய ரியாக்டர் வேண்டும் என்று கணக்குப் போடச் சொல்வார்கள். முதுநிலையில் அந்தச் சமன்பாட்டை நம்பலாமா என்பதிலிருந்தே பாடம் தொடங்கும். நுண்துளைகள் நிறைந்த வினையூக்கிக் குருணைக்குள் மூலக்கூறுகள் விரவிச் செல்ல நேரம் பிடிக்கிறது. வினை அதைவிட வேகமாக நடந்தால், அவை உள்ளே போய்ச் சேருமுன் விளிம்பிலேயே தீர்ந்துவிடும். குருணையின் நடுப்பகுதி சும்மா கிடக்கும். அது பிளாட்டினம் கலந்த குருணையாக இருந்தால் நட்டம் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த இரண்டு வேகங்களின் போட்டியை 1939-இல் ஒரே எண்ணாகச் சுருக்கிக் காட்டியவர் தீலே. டிஸ்டிலேஷன் பாடத்தில் மெக்கேப்–தீலே வரைபடத்தில் படிக்கட்டு போட்டுப் பழகியவர்களுக்குத் தெரிந்த அதே தீலேதான். விரவல் மிகவும் பின்தங்கிப்போன நிலையில், ஆய்வகத்தில் அளக்கும் கிளர்வு ஆற்றல் உண்மையான மதிப்பில் ஏறத்தாழப் பாதிதான் இருக்கும். இதை அறியாமல் வடிவமைப்பவரின் கணக்கில் ஒரு பிழையும் இருக்காது. ரியாக்டர் மட்டும் எதிர்பார்த்தபடி ஓடாது. நான்கு கட்டாயப் பாடங்களும் இப்படி, பி.டெக்கில் ‘எடுத்துக்கொள்க’ என்று தாண்டிப் போன இடத்துக்குத் திரும்பிச் சென்று தோண்டுபவை.

பாடத்திட்டம் இந்த வடிவத்துக்கு வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1915-இல் ஆர்தர் டி. லிட்டில் ‘யூனிட் ஆபரேஷன்ஸ்’ என்ற கருத்தை முன்வைத்தார். அதன்பின் பல பத்தாண்டுகளுக்குக் ஆவியாக்கல், டிஸ்டிலேஷன் எனச் செயல்பாடு வாரியாகவே இத்துறை கற்பிக்கப்பட்டது. 1960-இல் விஸ்கான்சின் பேராசிரியர்கள் பேர்ட், ஸ்டூவர்ட், லைட்ஃபுட் மூவரும் எழுதிய நூல், உந்தமும் வெப்பமும் பொருளும் இடம்பெயர்வதை ஒரே அமைப்பிலான சமன்பாடுகளால் விளக்கியது. மினசோட்டாவில் ஆமண்ட்சன் கணிதத்தை இத்துறையின் முதுகெலும்பாக்கினார். முதுநிலையில் கணிதத்துக்குத் தனி இடம் கிடைத்ததில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இனி எண்ணிக்கை. அமெரிக்காவில் செமஸ்டர் முறையில் பல பல்கலைக்கழகங்கள் 30 கிரெடிட் கேட்கின்றன. ஒரு பாடம் 3 கிரெடிட் என்றால் மொத்தம் பத்துப் பாடங்கள். அதில் கட்டாயப் பாடங்கள் போக மீதி விருப்பப் பாடங்கள். செமினாரும் உண்டு; பெரும்பாலும் உட்கார்ந்து கேட்டால் போதும்.

பத்துப் பாடங்களையும் வகுப்பிலேயே முடிப்பதா, சிலவற்றுக்குப் பதில் ஆய்வேடு எழுதுவதா என்பதுதான் உண்மையான முடிவு. ஆய்வேட்டில் காலம் நம் கையில் இல்லை. சோதனை சொதப்பினால் செமஸ்டர் நீளும், கட்டணமும் நீளும். ஆனால் பிஎச்.டி. எண்ணம் இருந்தால் அந்த அனுபவத்துக்கு ஈடு கிடையாது. வேலைக்குத்தான் போகப் போகிறோம் என்று தெளிவாக இருப்பவர்கள், ‘தீசிஸ் இல்லையென்றால் மதிப்பு குறைவு’ என்ற பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. எம்.ஐ.டி. 1916-இல் தொடங்கிய பிராக்டிஸ் ஸ்கூலில் ஆய்வேட்டுக்குப் பதிலாக மாணவர்கள் ஆலைகளுக்கே அனுப்பப்படுகிறார்கள். குழுவாகச் சேர்ந்து அங்குள்ள உண்மையான சிக்கலுக்குக் குறுகிய காலத்தில் தீர்வு தேடி, நிறுவனத்தார் முன்னிலையில் அறிக்கை அளிக்க வேண்டும். நம் ஊர் எம்.டெக்கில் இப்படித் தேர்ந்தெடுக்கும் கேள்வியே பெரும்பாலும் எழுவதில்லை. இரண்டாம் ஆண்டு பெரும்பகுதி புராஜெக்டுக்கே போய்விடும்.

நம் மாணவர்கள் இடறும் இடம் மதிப்பெண். இங்கே ‘அரியர் இல்லை’ என்றாலே நிம்மதி. அங்கே சராசரி பி கிரேடு, அதாவது 4-க்கு 3.0, இருந்தால்தான் பட்டம் என்பது பரவலான விதி. ஒரு சி கிரேடு வந்தால் அதை ஈடுகட்ட அதே அளவு கிரெடிட் உள்ள இன்னொரு பாடத்தில் ஏ வாங்கியாக வேண்டும். அதனால்தான் முதல் செமஸ்டரிலேயே நான்கு கட்டாயப் பாடங்களையும் சுமந்துகொள்வதில் ஆபத்து இருக்கிறது. பிரித்து எடுக்க அனுமதி இருந்தால் பிரித்து எடுப்பதே நல்லது.

வேதியியல், மெக்கானிக்கல், பயோடெக் படித்துவிட்டு இத்துறைக்கு வருபவர்களுக்கு இன்னொரு செலவும் காத்திருக்கிறது. பொருள் சமநிலைக் கணக்கு, பாய்ம இயக்கவியல் போன்ற இளநிலைப் பாடங்களை முதலில் முடிக்கச் சொல்வார்கள். இவை பெரும்பாலும் அந்த 30 கிரெடிட்டில் சேராது. இப்படி எத்தனை பாடங்கள், எந்த செமஸ்டரில், என்ன கட்டணத்தில் என்று சேர்வதற்கு முன்பே துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வங்கிக் கடனுக்கான தொகையை அதன் பிறகு முடிவு செய்யலாம்.