சர்வீஸ் நோட்டில் இருக்கும் சந்தை

தோசை மாவுக்கென்று கோயம்புத்தூரில் செய்த மேசைக் கிரைண்டரில் அமெரிக்கர்கள் கோகோ அரைக்கத் தொடங்கியது 2000களில். கலிபோர்னியாவின் ஷார்ஃபன் பெர்கர் நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் கோகோ கொட்டையிலிருந்தே சிறு அளவில் சாக்லேட் செய்து காட்டியபின், அப்படிச் செய்து பார்க்கும் ஆசை வீட்டுச் சமையலறைகளுக்கும் பரவியது. கொட்டையை அடுப்பில் வறுக்கலாம், தோலை ஊதித் தள்ளலாம், அரைக்கத்தான் வழியில்லை. ஐரோப்பியக் கருங்கல் உருளை இயந்திரங்கள் ஆலைகளுக்கானவை. இரண்டு கிலோ அரைக்க நினைத்தவருக்குத் தோதான இயந்திரம் கிடைக்கவில்லை. ஒரிகன் மாநிலத்தில் கோகோ கொட்டை விற்றுவந்த ஜான் நான்சி தேடிக் கண்டடைந்தது நம் ஊர் ‘சாந்தா’ கிரைண்டரை.

சந்தை தானாக வந்து கதவைத் தட்டியது. ஆனால் அது தட்டிய விதம்தான் கவனிக்கத்தக்கது: பாராட்டாக வரவில்லை, பழுதாக வந்தது. இட்லி மாவுக்கு முக்கால் மணி நேரம் ஓடினால் போதும். சாக்லேட்டுக்கு ஒரு நாள், சிலருக்கு மூன்று நாள்கூட நிறுத்தாமல் ஓட வேண்டும். நாக்கில் நரநரக்காமல் இருக்கத் துகள் ஏறத்தாழ 20 மைக்ரானுக்கு இறங்க வேண்டும். மாவுக்கு ஊற்றும் தண்ணீர் கல்லைக் குளிர்விக்கும். கோகோவிலோ கொஞ்சம் தண்ணீர் பட்டாலும் மொத்தமும் கட்டிதட்டிவிடும். அத்தனை மணி நேரம் ஓடுவதற்கென்று அந்த மோட்டாரையும் பெல்ட்டையும் யாரும் வடிவமைக்கவில்லை.

அப்படிப் பழுதான இயந்திரம் திரும்பி வந்தால் நம் பட்டறைகளில் கிடைக்கும் பதில் தெரிந்ததுதான்: “மாவு மெஷின்ல கண்டதையும் போட்டா வாரண்டி கிடையாது சார்.” அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இந்தியக் குடும்பங்களுக்குக் கிரைண்டர் விற்றுவந்த பாலசுப்பிரமணியன் – ஆண்டாள் தம்பதி அப்படிச் சொல்லவில்லை. சாக்லேட் செய்கிறவர்களின் தேவையைக் கேட்டறிந்து இயந்திரத்தை மாற்றியமைத்தார்கள். ‘கோகோடவுன்’ என்ற தனி வணிகமே அதிலிருந்து பிறந்தது. கல் அதேதான், வாங்குகிறவர் வேறு, அவர் கொடுக்கத் தயாராக இருந்த விலையும் வேறு.

சிறுதொழில் பயிற்சிக் கூட்டங்களில் சந்தைப்படுத்தல் என்றால் இன்று ரீல்ஸ் போடுவது, லோகோவை மாற்றுவது என்றாகிவிட்டது. யாரிடம் விற்கிறோம் என்பது தெரியாமல் குரலை மட்டும் உயர்த்தி என்ன பயன்? சந்தை ஆய்வு என்றதும் லட்சக்கணக்கில் செலவாகும் பெரிய கம்பெனி வேலை என்று ஒதுங்குகிறார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அந்த ஆய்வு சர்வீஸ் நோட்டில் பாதி எழுதப்பட்டே இருக்கிறது. எது உடைந்தது என்று மட்டும் அதில் குறிக்கிறோம். எதைப் போட்டு அரைத்தார், எத்தனை மணி நேரம், இதற்கு முன் எதில் அரைத்தார், எங்கே கேள்விப்பட்டு வாங்கினார் என்று இன்னும் நான்கு கேள்விகள் சேர்த்தால் போதும். நான்காவது கேள்விக்குக் கிடைக்கும் பதில், விளம்பரப் பணத்தை எங்கே போடலாம் என்பதையும் காட்டும்.

“பொருள் பிடித்திருக்கிறதா?” என்று மட்டும் கேட்கக் கூடாது. முகத்துக்கு நேராக இல்லையென்று சொல்லும் பழக்கம் நமக்குக் கிடையாது. செய்ததைக் கேட்க வேண்டும், நினைப்பதை அல்ல. கடலூரில் 1983இல் தொடங்கிய ‘சிக்’ ஷாம்பு, எந்த நிறுவனத்தின் காலிப் பாக்கெட் ஐந்து கொண்டுவந்தாலும் ஒன்று இலவசம் என்றது. அதை விற்பனைத் தந்திரம் என்றே பலரும் எழுதுகிறார்கள். ஆனால் எந்த ஊரில் எந்தப் போட்டியாளர் விற்கிறார் என்று அந்தக் காலிப் பாக்கெட்டுகளை எண்ணியே சொல்லிவிடலாமே! பின்னர் சிக் பாக்கெட்டுக்கு மட்டும் என்று சலுகையைச் சுருக்கினார்கள், விற்பனை ஏறியது.

இப்படிக் கண்டடையும் குறுஞ்சந்தைக்கு ஓர் ஆபத்தும் உண்டு, அது குறுகியது. ஒருவர் கண்டுபிடித்தால் அடுத்த தெருக்காரரும் வந்துவிடுவார். சாக்லேட் கிரைண்டரிலும் கோவையின் மற்ற நிறுவனங்கள் சீக்கிரமே இறங்கின. ஆரோவில் பக்கமும் ஆனைமலை அடிவாரத்திலும் கொட்டையிலிருந்தே சாக்லேட் செய்யும் சிறு நிறுவனங்கள் இப்போது இருக்கின்றன. வாங்குகிறவர் உள்ளூர்க்காரராகிவிட்ட பிறகு, அவருடைய சமையற்கூடத்துக்கு ஒருமுறை போய் நின்று பார்க்காத உற்பத்தியாளர் தூரத்தைக் காரணம் காட்ட முடியாது.