காசோலையை நிறுத்தினால் கடன் நிற்குமா?

2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், நம் தங்கவயல் குடும்பங்கள் பலவற்றின் பிழைப்பு, மாரிகுப்பத்தில் வண்டியேறிப் பெங்களூர் சென்று திரும்புவதாக ஆயிற்று. அங்கே வீட்டுக்கு முன்பணம், இங்கே பிள்ளைகளின் படிப்புக்குக் கைமாற்று என எதற்கும் காசோலை கேட்கிறார்கள். தொகையும் தேதியும் இல்லாமல் கையெழுத்தை மட்டும் இட்டு, ஈடாக இருக்கட்டும் என்று கொடுத்துவிடுவோர் நம்மிடையே உண்டு. பின்னர் மனத்தாங்கல் நேர்ந்தால், "வங்கிக்கு ஒரு கடிதம், தீர்ந்தது" என்கின்றனர். இந்த நம்பிக்கையில் பாதி சரி, மறுபாதி ஆபத்து.

காசோலை என்பது, இன்னாருக்கு இவ்வளவு கொடுக்க என்று நாம் வங்கிக்கு இடும் கட்டளையேயாகும். இட்டவருக்கு அதை மீட்டுக்கொள்ள உரிமை உண்டு. ஆனால் பணம் பட்டுவாடா ஆகுமுன் மீட்க வேண்டும். முன்பெல்லாம் ஓரிரு நாள் அவகாசம் கிடைத்தது. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகள் பகல் முழுதும் தொடர்ந்து அனுப்பப்பட்டு, அன்றே முடிவு காண்கின்றன. வண்டி கைகாட்டியைக் கடந்த பின் சிவப்புக் கொடி காட்டிப் பயனில்லை என்பது எம் இலாகாவில் நாளும் காண்பது.

இனி ஆபத்துக்கு வருவோம். 1881-ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. கடனுக்காகக் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால் இரண்டாண்டு வரை சிறையோ, தொகையைப் போல் இருமடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நிறுத்தச் சொன்னதால் திரும்பியது இதில் அடங்காது என்று வாதித்துப் பார்த்தனர். 1998-இல் உச்சநீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஆயினும் கணக்கில் பணம் இருந்தது, கொடுக்க வேண்டிய கடனே இல்லை, தக்க காரணத்தால் நிறுத்தினேன் என்று மெய்ப்பிப்பவருக்குக் குற்றமில்லை என 2001-இல் விளக்கியது. மெய்ப்பிக்கும் பொறுப்பு எழுதியவருடையது என்பதை மறக்கலாகாது. வெற்றுக் காசோலையாயினும் கையெழுத்திட்டு மனமொப்பிக் கொடுத்தால் இவ்வனுமானம் பொருந்தும் என 2019-இல் மற்றொரு தீர்ப்பு வந்தது.

இவற்றுள் நம் மாநிலத்து வழக்கொன்று கருதத்தக்கது. 45,000 ரூபாய்க் காசோலை ஒன்று, பட்டுவாடா நிறுத்தப்பட்டது என்ற குறிப்புடன் திரும்பியது. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை தொலைந்துபோய், எதிராளியின் கையில் சிக்கிவிட்டது என்றார் எழுதியவர். கீழ்க்கோர்ட்டில் விடுதலை, உயர்நீதிமன்றத்தில் தண்டனை. 2010 மே 7-இல் உச்சநீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. ஏன்? வங்கிக்கு அவர் எழுதிய நிறுத்தக் கடிதத்தில் காசோலை தொலைந்தது என்ற சொல்லே இல்லை. எதிராளியின் நோட்டீசுக்கும் அவர் பதில் எழுதவில்லை. தொலைந்த கதை, குறுக்கு விசாரணையின்போதுதான் தலைகாட்டியது. கதை மெய்யோ பொய்யோ நாம் அறியோம். காலத்தில் எழுதியிருந்தால் வழக்கின் போக்கே வேறாக இருந்திருக்கலாம்.

ஆகவே நிறுத்தக் கடிதத்தில் கணக்கு எண், காசோலை எண், பெறுபவர் பெயர், தொகை எழுதியிருந்தால் அது, இவற்றோடு காரணத்தையும் உள்ளபடி எழுதுக. நகலில் வங்கியின் முத்திரையும் தேதியும் பெறுக. கைப்பேசி வழியாக நிறுத்தினாலும் கடிதம் ஒன்று கொடுப்பது நலம். வங்கி சிறு கட்டணம் பிடிக்கும். அதற்காகத் தயங்க வேண்டா. நிறுத்திவிட்டோமே என்று கணக்கிலுள்ள பணத்தை எடுத்துவிடுவதுதான் பெரும் பிசகு.

நோட்டீசு வந்தால் வாங்க மறுப்போரையும் கண்டிருக்கிறோம். மறுத்தாலும் அது சேர்ந்ததாகவே கொள்ளப்படலாம். கிடைத்த நாளிலிருந்து பதினைந்து நாள் தவணை. கடன் உண்மையானால் அதற்குள் கொடுத்துவிட்டால் வழக்கில்லை. இல்லையேல் காரணங்காட்டிப் பதிலை விரைவஞ்சலில் அனுப்பி, ஒப்புகையை நிறுத்தக் கடிதத்தின் நகலோடு பத்திரப்படுத்துக.