பசுமை வளாகம்: பெயருக்கா, ஆய்வுக்கா?

சூரிய மின்தகடுகள், மழைநீர் சேகரிப்பு, பிளாஸ்டிக் இல்லா வளாகம் என்று பல்கலைக்கழகங்கள் இன்று விளம்பரம் செய்கின்றன. இதனால் அவற்றின் பெயர் மட்டும் உயர்கிறதா, ஆய்வும் வளர்கிறதா? பிள்ளைகளை உயர்கல்விக்கு அனுப்பும் நாம் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

வளாகங்களின் பசுமையை அளந்து உலக அளவில் தரவரிசைப்படுத்தும் வேலையை 2010-இல் தொடங்கியது இந்தோனேசியா பல்கலைக்கழகம். 'யூஐ கிரீன்மெட்ரிக்' என்ற அந்தப் பட்டியலில் முதல் ஆண்டு 95 பல்கலைக்கழகங்கள் இருந்தன. இப்போது ஆயிரத்துக்கும் மேல். பல ஆண்டுகள் அது பின்பற்றிய முறையில் எரிசக்திக்கும் பருவநிலைக்கும் 21 சதவீதம், கழிவு மேலாண்மைக்கு 18, தண்ணீருக்கு 10 என மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டன. கல்வி, ஆய்வு இரண்டுக்கும் சேர்த்துக் கிடைத்தது 18 சதவீதம்தான்.

பெயர் கிடைக்கிறது என்பதில் சந்தேகமில்லை. புகழ்பெற்ற 'க்யூஎஸ்' உலகத் தரவரிசையும் 2023-இல் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்புகளுக்கு 5 சதவீதம் ஒதுக்கியது. ஒரு சதவீதத்துக்கே இடம் மாறும் போட்டியில் இது சிறிய அளவல்ல.

ஆனால், ஆய்வின் கதை வேறு. கிரீன்மெட்ரிக்கில் பலமுறை முதலிடம் பிடித்த நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம், 1876-இல் தொடங்கிய வேளாண் பள்ளியிலிருந்து வளர்ந்தது. மண்ணையும் நீரையும் உணவையும் ஆராய்வதே அதன் தொழில். அங்கே ஆய்வு முதலில் வந்தது. பசுமைப் பட்டம் பின்னால் வந்தது. பசுமையால்தான் ஆய்வு வளர்ந்தது என்று இதைத் திருப்பிச் சொல்ல முடியாது. கிரீன்மெட்ரிக்குக்கான தகவல்களைப் பல்கலைக்கழகங்களே தருகின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

பசுமை முயற்சி ஆய்வுக்கு உதவுவது, வளாகமே ஆய்வுக்கூடமாக மாறும்போதுதான். ஒப்பந்தக்காரர் சூரிய மின்தகடு பொருத்திவிட்டுப் போனால் மின்கட்டணம் மட்டும் குறையும். அதன் உற்பத்திக் கணக்கு மாணவர்கள் கைக்கு வந்தால் ஆய்வுக் கட்டுரை பிறக்கும். நம் சமுதாயக் கல்லூரிகளுக்கும் இதில் வழி உண்டு. வளாகப் பள்ளிவாசலில் உளூ செய்த நீர் நாள்தோறும் சாக்கடைக்குப் போகிறது. அதைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்குத் திருப்புவது எப்படி என்பதே வேதியியல், பொறியியல் மாணவர்களுக்கு நல்ல ஆய்வுத் தலைப்பு.

எனவே, சேர்க்கைக்குப் போகும்போது, "பசுமைப் பட்டியலில் எத்தனையாவது இடம்?" என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். "இந்த முயற்சிகளில் மாணவர்கள் என்ன ஆய்வு செய்தார்கள்?" என்றும் கேட்போம். அந்தப் பதில்தான் நம் பிள்ளைகளுக்குப் பயன்படும்.